டார்க்ளிங் என்னும் வினையடை

கீட்ஸ் 1819இல் எழுதிய நைட்டிங்கேல் பாடலை வகுப்பில் படிக்கையில், 'டார்க்ளிங்' என்ற சொல்லுக்கு 'இருண்ட' எனப் பொருள் குறித்துக்கொண்டு கடந்துவிடுவது எளிது. ஆனால் அங்கே அது பெயரடை அன்று, வினையடை. 'இருளில் இருந்தபடி' என்பதே பொருள். இருள் எத்தகையது என்பதை அச்சொல் கூறவில்லை. பறவையின் பாட்டைக் கேட்பவன் எந்நிலையில் இருந்து கேட்கிறான் என்பதையே கூறுகிறது.

இதன் ஈற்றிலுள்ள 'லிங்', வாத்துக்குஞ்சைக் குறிக்கும் 'டக்ளிங்' என்பதில் வரும் குறுமை விகுதி அன்று. நிலையையும் திசையையும் உணர்த்திய பழைய வினையடை விகுதி அது. இன்றைய 'ஹெட்லாங்' முன்பு 'ஹெட்லிங்' என்றே வழங்கியது. விகுதியின் பொருள் மறந்தபின் சில சொற்கள் விந்தையான வழியில் சென்றன. 'முகங்குப்புற' என்ற பொருளில் வழங்கிய 'குரோவலிங்' என்ற வினையடையை, 'இங்' ஈற்று எச்சம் எனக் கொண்டு, அதிலிருந்து 'குரோவல்' என்ற வினையைப் பிரித்தெடுத்தனர். பக்கவாட்டில் நகர்தலைக் குறிக்கும் 'சைடில்' என்ற வினையும் இவ்வாறு பிறந்ததே.

'டார்க்ளிங்' விஷயத்தில் இந்த மயக்கத்தை அகராதியிலேயே காணலாம். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில், இது 'டார்க்கிள்' என்ற வினையின் எச்சமாக இருக்கலாம் என ஊகிக்கிறார். அவ்வினையைத் தாம் எங்கும் கண்டதில்லை என்பதையும் அங்கேயே பதிவு செய்கிறார். (1749இல் தம் கவிதையொன்றில் இச்சொல்லை அவரே அழகாகக் கையாண்டிருந்தார்!) அவர் காணாத அவ்வினை பின்னர் வந்து சேர்ந்தது. 1823இல் வெளியான 'டான் ஜுவான்' ஆறாம் காண்டத்தில் பைரன் அதனை 'ஸ்பார்க்கிள்' என்பதற்கு இயைபாக அமைக்கிறார். தாய் எனக் கருதப்பட்ட சொல், உண்மையில் சேய்.

வினையடையாக இதன் முழு ஆற்றலும் வெளிப்படுவது மில்டனிடம் என்பது என் கருத்து. 1667இல் வெளிவந்த 'இழந்த சொர்க்கம்' காப்பியத்தின் மூன்றாம் பகுதியில், ஒளியை விளித்துப் பேசும் பார்வையிழந்த கவிஞர், இருளிலிருந்தபடி பாடும் பறவையைத் தமக்கு உவமையாக்குகிறார். அங்கே 'இருண்ட பறவை' என்று கொண்டால் உவமையே சிதைந்துவிடும். கீட்ஸிடம் பாடும் பறவையை விட்டுக் கேட்கும் மனிதனிடம் அச்சொல் இடம்பெயர்கிறது.

மேத்யூ ஆர்னால்டின் 'டோவர் கடற்கரை' (1867) சமவெளிக்கு அதனைப் பெயரடையாக்கியது. தாமஸ் ஹார்டியிடம் சிக்கல் கூடுகிறது. 1900 டிசம்பர் 29 அன்று 'தி கிராஃபிக்' இதழில் வேறு தலைப்பில் வெளிவந்த கவிதைக்குப் பின்னர் 'தி டார்க்ளிங் த்ரஷ்' எனப் பெயரிட்டார். இலக்கணப்படி பெயரடைதான், எனினும் பறவையின் நிறத்தையன்றி, அது பாடும் அந்திப்பொழுதையே அது சுட்டுகிறது. 'இருண்ட பூங்குருவி' எனத் தமிழாக்கினால் பறவை கறுத்துவிடும். 'இருளில் ஒரு பூங்குருவி' என்றால் பழைய வினையடை மீண்டுவிடுகிறது. நான் இதனையே தேர்வேன்.