யார் சொன்னது? – அடியார்க்குநல்லார் உரையும் கணினியின் அடுக்கும்

சிலப்பதிகாரத்துக்கு விரிவான உரை வகுத்த அடியார்க்குநல்லார் கொங்கு நாட்டவர். அவருடைய ஊர் நிரம்பை. குறும்பு நாட்டில், விசயமங்கலத்தை அடுத்து இருந்தது என்பர். பொப்பண்ண காங்கெயன் என்னும் வள்ளல் அவரை ஆதரித்தான். காலம் 12, 13-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியது. கொங்குமண்டல சதகம் இந்நாட்டின் பெருமைகளுள் ஒன்றாக அவரைக் கூறுகிறது. இவையெல்லாம் இலக்கிய வரலாற்று நூல்களில் கிடைக்கும் செய்திகள். இக்கட்டுரையில் நாம் பேசப் புகுவது, அவருடைய உரையின் அமைப்பைப் பற்றி. ஒன்றினுள் ஒன்றாகப் பொதிந்து கிடக்கும் அந்த உரையைப் பிரித்துப் படிப்பது எப்படி? ஓலையிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து கணினிக்கும் அது வந்தபோது என்ன நேர்ந்தது?

அடியார்க்குநல்லார் உரையில் ஒரு பக்கத்தை விரித்துப் பார்ப்போம். முதலில் இளங்கோவின் அடிகள். அவற்றின் கீழே உரை. அவ்வுரைக்குள், தமக்கு முன்பே உரை கண்ட அரும்பதவுரையாசிரியரின் கருத்து. சில இடங்களில் அதை ஏற்கிறார், சில இடங்களில் மறுக்கிறார். இடையில் தொல்காப்பியச் சூத்திரம் வரும், குறள் வரும், இசைக்கும் கூத்துக்கும் இலக்கணம் கூறும் வெண்பாக்கள் வரும். அரங்கேற்று காதையில் இவை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. மூலம், மூலத்துக்கு உரை, உரைக்குள் மேற்கோள், அம்மேற்கோளுக்கு ஒரு விளக்கம், அவ்விளக்கத்துக்குச் சான்றாக மற்றொரு மேற்கோள் என்று நான்கு ஐந்து நிலைகள் வரை உள்ளே செல்லும் இடங்கள் உண்டு.

இதில் நமக்கு என்ன இழப்பும் ஆதாயமும் என்று கேட்கலாம். பழைய இசை, நாடக இலக்கண நூல்கள் தம் காலத்திலேயே மறைந்துவிட்டதைச் சொல்லி, தமக்குக் கிடைத்த ஐந்து நூல்களைத் துணையாகக் கொண்டு உரை எழுதுவதாக அடியார்க்குநல்லார் குறிக்கிறார். சிகண்டியாரின் இசைநுணுக்கம், யாமளேந்திரரின் இந்திரகாளியம், அறிவனாரின் பஞ்சமரபு, ஆதிவாயிலாரின் பரதசேனாபதீயம், மதிவாணனாரின் நாடகத் தமிழ்நூல் என்பன அவை. பஞ்சமரபு ஒழிந்த மற்றவற்றை நாம் பெரும்பாலும் மேற்கோள் வழியாகவே அறிகிறோம். ஆகவே மேற்கோள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பிழையாகக் கணித்தால், மறைந்த நூல் ஒன்றின் வரி உரையாசிரியரின் வரியாகிவிடும். உரையாசிரியரின் சொந்தக் கருத்து பழைய நூலின் விதியாகிவிடும். எல்லைக்கோடு ஒரு சொல் தள்ளி விழுந்தாலும் வரலாறு மாறிப்போகும்.

ஓலைச்சுவடியில் இந்த எல்லைகள் கண்ணுக்குத் தெரியமாட்டா. சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லை. மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இல்லை. எகர ஏகாரங்களுக்கு வேறுபாடு இல்லை. செய்யுளும் உரைநடையும் ஒரே ஓட்டமாகச் செல்லும். எல்லையை உணர்த்த உரையாசிரியர்களிடம் இருந்த கருவி 'என' என்னும் சிறு சொல்லும் அதன் உறவுகளுமே: என்றார், என்ப, என்பதனால், எனவும், என்றார் பிறரும்.

இந்த 'என' மிகவும் விந்தையான குறி. அது ஒரு கூற்றின் முடிவைக் காட்டும், தொடக்கத்தைக் காட்டாது. 'நேற்று மழை பெய்தது என்று தாத்தா சொன்னார்' என்னும் எளிய வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். நேற்றுப் பெய்தது மழையா, அல்லது தாத்தா சொன்னது நேற்றா? 'நேற்று' என்னும் சொல் அடைப்புக்கு உள்ளே நிற்கிறதா வெளியே நிற்கிறதா என்பதை வாக்கியம் சொல்வதில்லை. பேச்சில் குரலின் ஏற்றத்தாழ்வு அதைத் தீர்த்துவைக்கும். ஓலையில் அதுவும் இல்லை. மூடும் கதவு உண்டு, திறக்கும் கதவு இல்லை என்பதே நம் பழைய உரைகளின் நிலை. முடிவைக் கண்டபின் பின்னோக்கி நடந்து தொடக்கத்தைத் தேட வேண்டும்.

உ.வே. சாமிநாதையர் இந்த வேலையைத்தான் செய்தார். 1887-இல் சீவகசிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடும், 1889-இல் பத்துப்பாட்டையும் பதிப்பித்த அனுபவத்தோடு, 1892-இல் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரை, அடியார்க்குநல்லார் உரை இரண்டோடும் அவர் வெளியிட்டார். பின்னோக்கிய தேடலில் அவருக்குத் துணை நின்றவை இரண்டு. ஒன்று யாப்பு: வெண்பாவுக்கும் ஆசிரியப்பாவுக்கும் உரிய ஓசை, உரைநடையின் நடுவே செய்யுள் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டிக்கொடுத்தது. மற்றொன்று நினைவு: குருகுல முறையில் மனனம் செய்த ஆயிரக்கணக்கான பாடல்கள், இது இன்ன நூலின் வரி என்று உடனே அடையாளம் சொல்லின. இரண்டும் உதவாத இடங்களில் அவர் ஊகத்தை உண்மைபோல் எழுதவில்லை. எந்நூலைச் சேர்ந்தது என்று தெரியாத மேற்கோள்களை விளங்கா மேற்கோள்கள் என்று பிரித்து அகராதிப்படுத்தினார். தெரியாததற்கும் ஓர் இடம் ஒதுக்கிய அந்த நேர்மை, பின்வந்தோருக்குப் பெரிதும் பயன்பட்டது. மயிலை சீனி. வேங்கடசாமியின் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' 1959-இல் வெளிவந்தபோது, அதன் அடித்தளமாக அமைந்தவற்றுள் முதன்மையானவை உரைகளுக்குள்ளிருந்து இவ்வாறு பிரித்தெடுக்கப்பட்ட மேற்கோள்களே.

கண்டறிந்த அமைப்பை அச்சு தன் வழியில் காட்டியது. மூலத்துக்குப் பெரிய எழுத்து, உரைக்குச் சிறிய எழுத்து, மேற்கோள் செய்யுளுக்கு உள்தள்ளல், நூற்பெயருக்கு அடிக்குறிப்பு. இவை வெறும் அழகுக்காக வந்தவை அல்ல. ஒவ்வொன்றும் 'இது இன்னார் குரல்' என்னும் அறிவிப்பு. வாசகரும் அதைத் தம்மை அறியாமலே கற்றுக்கொண்டார்.

அடுத்த பெயர்ச்சி கணினிக்கு. 1998 பொங்கலையொட்டி, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் நூற்றுக்கணக்கான நூல்களை மின்வடிவில் தந்தது. அந்நாளில் பெருந்தடையாக இருந்தது எழுத்து. ஓர் எழுத்துருவில் அடித்தது மற்றொன்றில் குப்பையாகத் தெரிந்தது. டிஸ்கி, டாம், டாப் என்று குறியேற்றங்கள் போட்டியிட்டன. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, உடன் தமிழ் இணைய மாநாடும் கூடியது. அச்சமயத்தில்தான் தமிழக அரசு யுனிகோடையும், அதனோடு டேஸ் 16 என்பதையும் ஏற்றது. எழுத்துச் சிக்கல் ஏறக்குறையத் தீர்ந்தது.

அமைப்புச் சிக்கல் தீரவில்லை. ஓர் உரைநூலை வெறும் எழுத்துக்கோவையாகத் தட்டச்சு செய்யும்போது பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றாகிவிடுகின்றன, உள்தள்ளல் அழிகிறது, அடிக்குறிப்பு எண் சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. எழுத்துகள் அனைத்தும் பிழையின்றி இருக்கும். ஆனால் யார் பேசுகிறார் என்பது மறைந்துவிடும். அச்சுப் பக்கம் மறுபடியும் ஓலைச்சுவடி ஆகிறது.

இதற்கான மருந்தைக் கணினி உலகம் முன்பே கண்டிருந்தது. 1969-இல் ஐபிஎம் நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்பும் அவர்தம் தோழர் இருவரும் வகுத்த குறிமொழி, 1986-இல் எஸ்ஜிஎம்எல் என்னும் பன்னாட்டுத் தரமாகியது. பத்தி எப்படித் தோன்ற வேண்டும் என்பதை விட்டுவிட்டு, அது என்னவாக இருக்கிறது என்பதைக் குறிப்பதே அதன் அடிப்படை. 1987-இல் இலக்கிய ஆய்வாளர்கள் கூடி டிஇஐ என்னும் பனுவல் குறியீட்டு முயற்சியைத் தொடங்கினர். மதுரைத் திட்டம் பிறந்த அதே 1998-இல் எக்ஸ்எம்எல் வெளியாயிற்று. அதில் குறிகளுக்குத் தமிழ்ப் பெயர்களையே இடலாம். சதுர அடைப்பில் காட்டினால் இவ்வாறு இருக்கும்:

[உரை] இச்சொல் இப்பொருள்பட வந்தது; [மேற்கோள் நூல்="பஞ்சமரபு"] வெண்பா [/மேற்கோள்] என்பதனால் அறிக. [/உரை]

இங்கே 'என'வுக்கு இல்லாத திறக்கும் கதவு கிடைத்துவிட்டது. இனி இதைப் படிக்கும் நிரல் என்ன செய்கிறது? முதலில் தோன்றும் எளிய வழி, [உரை] என்பதைத் தேடி, அடுத்து வரும் [/உரை] வரை வெட்டி எடுப்பது. உரைக்குள் இன்னோர் உரை வந்தால் இவ்வழி பொய்த்துவிடும். உள்ளே இருப்பதன் முடிவை வெளியே இருப்பதன் முடிவாக எண்ணிப் பாதியில் வெட்டிவிடும். எல்லையின்றி உள்ளே உள்ளே செல்லும் அமைப்பை இத்தகைய நேர்க்கோட்டுத் தேடலால் அளக்க முடியாது என்பது, 1950களில் நோம் சாம்ஸ்கி மொழி இலக்கணங்களைத் தரப்படுத்திய நாள் முதல் தெரிந்ததே.

வேண்டியது ஓர் அடுக்கு. விருந்துப் பந்தியில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். கடைசியாக வைத்ததையே முதலில் எடுக்கிறோம். நிரலும் அப்படியே. திறக்கும் குறியைக் கண்டால் ஒரு தட்டை மேலே வை. மூடும் குறியைக் கண்டால் மேல் தட்டை எடு. இரண்டின் பெயரும் ஒத்திருக்கிறதா என்று பார். இடையில் வரும் சொற்கள் அனைத்தும் அந்நேரம் மேலே இருக்கும் தட்டுக்கு உரியவை. இறுதியில் அடுக்கு காலியாக இருந்தால் நூல் செம்மையாக உள்ளது. தட்டு மிஞ்சினால் எங்கோ ஒரு குரல் மூடப்படவில்லை. ஜெர்மனியில் பாவரும் சாமல்சனும் 1957-இல் இம்முறைக்குக் காப்புரிமை கோரினர். எந்த இடத்திலும் 'இப்போது பேசுவது யார்?' என்று கேட்டால், அடுக்கைப் பார்த்து விடை சொல்லலாம். மேலே அறிவனார், அவர் கீழே அடியார்க்குநல்லார், அடியில் இளங்கோ.

ஆயினும் நம் நூல்கள் இந்த ஒழுங்குக்கு எளிதில் அடங்குவதில்லை. இரண்டு இடர்களைச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் கொங்கு நாட்டிலேயே சான்று இருக்கிறது.

முதலாவது, சிதைவு. விசயமங்கலத்துக் கொங்குவேளிரின் பெருங்கதையை உ.வே.சா. 1924-இல் பதிப்பித்தார். உஞ்சைக் காண்டத்தின் முதல் 31 பகுதிகள் இல்லை, நூல் 32-ஆம் பகுதியில்தான் நமக்குத் தொடங்குகிறது, இறுதியும் கிடைக்கவில்லை. அடியார்க்குநல்லார் உரையும் 30 காதைக்கும் இல்லை, ஊர்சூழ்வரியோடு நின்றுவிடுகிறது, நடுவில் கானல்வரிக்கு இல்லை. திறந்தது மூடவில்லை என்றால் எக்ஸ்எம்எல் விதிப்படி நிரல் அந்நூலையே ஏற்க மறுக்க வேண்டும். பதிப்பாசிரியர் அப்படி மறுப்பதில்லை. இங்கே இவ்வளவு இல்லை என்று எழுதிவிட்டு மேலே செல்கிறார். டிஇஐ முறையில் இழப்பைக் குறிப்பதற்கென்றே தனிக்குறி இருப்பது, இந்த அறிவைக் கணினியாளரும் ஏற்றதன் அடையாளம்.

இரண்டாவது, குறுக்கீடு. அடுக்கு முறையில் ஒன்று மற்றொன்றுக்குள் முழுமையாக அடங்க வேண்டும். நம் செய்யுளில் அடி ஒரு கணக்கு, பொருள் வேறொரு கணக்கு. வாக்கியம் அடியின் நடுவில் முடியும். உரையாசிரியரோ தொலைவில் கிடக்கும் சொல்லைக் கொண்டுவந்து கூட்டிப் பொருள் சொல்வார். பெருந்துறை அருகிலுள்ள சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு மரபு கொண்டாடும் பவணந்தி முனிவர், ஆற்றுநீர் முதலாகப் பொருள்கோள் எட்டு என நன்னூலில் வகுத்தார். அவற்றுள் ஆற்றுநீர் ஒன்று அடுக்கு முறைக்கு எளிதில் இசையும். கொண்டுகூட்டும் அளைமறிபாப்பும் இசையா. இத்தகைய இடங்களில் டிஇஐ, மூலத்தைத் தொடாமல் அடிதோறும் மைல்கல் போன்ற குறிகளை நட்டு, உரையை வெளியே நிறுத்தி, இன்ன சொல் முதல் இன்ன சொல் வரை என்று சுட்டச் சொல்கிறது. மூலத்தையும் உரையையும் தனித்தனியே வைத்து எண்ணால் இணைத்த பழைய பதிப்பு முறைக்கு இது உறவுதான்.

எல்லை காப்பதன் பயனைப் பஞ்சமரபின் வரலாறு உணர்த்துகிறது. நெடுங்காலம் பெயரளவிலும் மேற்கோள் அளவிலும் அறியப்பட்டிருந்த அந்நூலை, 1970களில் கொங்கு நாட்டு வித்துவான் வே.ரா. தெய்வசிகாமணிக் கவுண்டர் சுவடியிலிருந்து பதிப்பித்தார். சிலப்பதிகார உரைகளில் மேற்கோளாக வந்த வெண்பாக்கள் அதில் இருந்தன. அவை உரையோடு கரைந்து போகாமல், இது பிறர் வாக்கு என்ற எல்லையோடு காக்கப்பட்டிருந்ததால்தான் ஒப்பிட்டு உறுதி செய்ய முடிந்தது. நிரம்பையில் ஒருவர் எடுத்தாண்டதை, ஏறத்தாழ எழுநூறு ஆண்டுக்குப் பின் அதே நாட்டில் ஒருவர் முழு நூலாகக் கண்டெடுத்தார்.

இசைநுணுக்கமும் இந்திரகாளியமும் இனி எந்த வீட்டுப் பரணிலிருந்து வருமோ அறியோம். வந்தால் அடையாளம் காட்ட வேண்டியவை, உரைக்குள் இருக்கும் அந்தச் சில வரிகளே. ஆகவே பழைய உரைநூல்களை மின்வடிவாக்கும் நண்பர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் சிறியது: எழுத்துப் பிழை பார்ப்பதோடு நின்றுவிடாமல், மூலம், உரை, மேற்கோள் என்ற மூன்று குறிகளையாவது இட்டுச் செல்லுங்கள். நூற்பெயர் தெரியாத இடத்தில் தெரியவில்லை என்றே குறியுங்கள். 1892-இல் சாமிநாதையர் அச்சில் செய்து காட்டியதும் அதுவே.