பாறசாலைக்குத் தனி மாறி இல்லை

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவே உண்டு. ஆயினும் 1956 நவம்பர் 1 முதல் அவை இரு மாநிலங்களில் உள்ளன. இப்பிரிவினையை உகப்பாக்கக் கணிதத்தின் மொழியில் எழுதிப் பார்ப்பது பயனுடையது.

ஓர் ஊர் சென்னை மாநிலத்தில் சேர்ந்தால் 1, சேராவிடில் 0 என மதிப்புக்கொள்ளும் இரும மாறி ‘ஊ’ எனவும், அங்குத் தமிழ் பேசுவோரின் விழுக்காடு ‘த’ எனவும் கொள்வோம். “ஊர் சேருமாயின் அங்குத் தமிழ் பேசுவோர் பாதியேனும் இருத்தல் வேண்டும்” என்ற நிபந்தனை, 50 × ஊ ≤ த என்றாகும். ஊ = 0 எனில் இக்கட்டுப்பாடு தானே செயலிழக்கும். ‘எனில்’ என்பதை நேரியல் சமனிலியாக்கும் இத்தகைய வழிகளை ஜார்ஜ் டான்சிக் 1960இல் எகனாமெட்ரிகா இதழில் தொகுத்துக் காட்டினார்.

ஃபசல் அலி ஆணையம் 1955ஆம் ஆண்டு அறிக்கையில் தென்திருவிதாங்கூரை வட்டம் வட்டமாக மதிப்பிட்டது. அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைச் சென்னைக்குப் பரிந்துரைத்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரிய நெய்யாற்றின்கரை அப்பட்டியலில் இல்லை. வட்டத்தின் மாறி ‘வ’ எனில், அதிலுள்ள ஒவ்வோர் ஊருக்கும் ஊ = வ என்பதே இதன் கணிதப் பொருள். நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாறசாலைக்குத் தனி மாறியே இல்லை.

இந்தச் சமன்பாடு மீற இயலாததன்று. செங்கோட்டை வட்டம் பிளக்கப்பட்டு, அதன் ஒரு பகுதி கேரளத்தில் நின்றது. பின்னர் ஆந்திர எல்லையை ஆராய்ந்த படாஸ்கர், ஊரையே அலகாகக் கொண்டு, மொழிப் பெரும்பான்மையையும் நிலத்தொடர்ச்சியையும் அளவுகோலாக்கினார். அதன்வழியே திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தில் இணைந்தது.

நிலத்தொடர்ச்சியும் ஒரு நிபந்தனைக் கட்டுப்பாடே. ஊர் சேருமாயின் அண்டை ஊர்களுள் ஒன்றேனும் சேரவேண்டும். அதாவது, ஊ ≤ அண்டை ஊர் மாறிகளின் கூட்டுத்தொகை. மாணவர்கள் இவ்விடத்தில் பிழைபடுவதுண்டு. இரண்டு ஊர்கள் ஒன்றையொன்று துணைகாட்டி இந்நிபந்தனையை நிறைவுசெய்துவிட்டு, மாநிலத்திலிருந்து அறுபட்ட தீவாக நிற்கக்கூடும். சேரும் ஒவ்வோர் ஊரிலிருந்தும் மாநிலத்தின் உட்பகுதி வரை, சேர்ந்த ஊர்களின் வழியாகவே ஒரு ‘பாய்வு’ செல்லவேண்டும் என்ற கூடுதல் கட்டுப்பாடே அதைத் தடுக்கும்.

ஊரை அலகாகக் கொண்டிருந்தால் நெய்யாற்றின்கரையில் எல்லை இடம் மாறியிருக்குமா என்பது ஊர்வாரி மொழிக்கணக்கைப் பொறுத்தது. ஊ = வ என எழுதப்பட்டபோது அக்கணக்கைப் பார்க்கும் தேவையே அற்றுப்போயிற்று. மாதிரி அமைக்கும் மாணவர்கள், கட்டுப்பாடுகளைச் சரிபார்க்கும் முன்னர், யாருக்கு மாறி தரப்பட்டது என்பதை முதலில் நோக்குக.