குடும்பம் ஏறிய வண்டி

1989ஆம் ஆண்டிலே ரோக்கியோ நகரில் நடைபெற்ற மோட்டார் வண்டிக் கண்காட்சியில் ரொயோட்டா நிறுவனத்தார் சிறிய வண்டியொன்றைப் பார்வைக்கு வைத்தனர். குட்டையான உடல், தரையிலிருந்து உயர்ந்த நிலை, தடித்த சில்லுகள். பொழுதுபோக்குக்கும் துடிப்பான வாழ்வுக்கும் உகந்த நாற்சில்லு இயக்க வண்டி எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கோத்து, அதற்கு றாவ்-4 எனப் பெயரிட்டனர். விடுமுறை நாளிலே கடற்கரைக்கும் மலைச்சாரலுக்கும் செல்லும் இளைஞரை எண்ணி வரையப்பட்ட வண்டி அது. அப்பெயர் தாங்கிய வண்டிகளின் விற்பனை ஒரு கோடியை எட்டிவிட்டது என அந்நிறுவனம் 2020ஆம் ஆண்டில் அறிவித்தது. அதற்குள் அது இளைஞரின் வண்டியாக இருந்த நிலை மாறி, தாய் தந்தையரும் பிள்ளைகளும் பாட்டனும் பாட்டியும் ஏறிச் செல்லும் குடும்ப வண்டியாகிவிட்டது. இம்மாற்றம் ஒருநாளில் நிகழ்ந்ததன்று. ஐந்து தலைமுறைகளிலே, கதவு கதவாக, அங்குலம் அங்குலமாக நிகழ்ந்தது.

அதற்கு முன்னர், காடுமேடுகளிற் செல்லத்தக்க வண்டி என்றால் ஜீப்பும், 1948இல் வெளிவந்த லாண்ட் றோவரும், 1951இல் ரொயோட்டா நிறுவனமே செய்யத் தொடங்கிப் பின்னர் லாண்ட் குரூசர் எனப் பெயர் பெற்ற வண்டியுமே நினைவுக்கு வரும். இவற்றின் அமைப்பு ஏறத்தாழப் பாரவண்டியின் அமைப்பேயாம். ஏணி போன்ற இரும்புச் சட்டம் ஒன்று அடியிலே கிடக்கும். இயந்திரமும் அச்சுகளும் அதிலே பொருத்தப்படும். உடல் தனியே செய்யப்பட்டு மேலே வைக்கப்படும். சேற்றையும் பாறையையும் அது தாங்கும். செப்பமான வீதியிலோ குலுக்கும், வளைவுகளிற் சாயும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பாதைகளில் லாண்ட் றோவரின் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்களுக்கு அதன் இலட்சணத்தை எடுத்துக் கூறவேண்டியதில்லை.

றாவ்-4 இந்த ஏணியைக் கைவிட்டது. உடலும் சட்டமும் ஒன்றேயாகிய காரின் அமைப்பை அது மேற்கொண்டது. கொரொல்லா முதலிய சாதாரணக் கார்களின் உறுப்புகள் சிலவும் அதிலே பயன்பட்டன. இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. சோவியத் நாட்டின் நீவா வண்டி 1977ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டமின்றி வெளிவந்தது. ஆயினும், ஜீப்பின் தோற்றத்தையும் காரின் சுகத்தையும் ஒன்றாக விரும்பிய மக்களுக்கு அவ்விரண்டையும் சேர்த்துக் கொடுத்த பெருமை பெரிதும் றாவ்-4ஐயே சாரும்.

1994ஆம் ஆண்டு மே மாதம் யப்பானில் விற்பனைக்கு வந்த முதல் வண்டியின் நீளம் 3.7 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. அகலம் 1,695 மில்லிமீற்றர். அகலத்தின் இந்த அளவு தற்செயலாக அமைந்ததன்று. 4.7 மீற்றர் நீளம், 1.7 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம், இரண்டு இலீற்றர் பெற்றோல் இயந்திரம் ஆகிய எல்லைகளுக்குள் அடங்கும் காரையே யப்பானியச் சட்டம் சிறிய கார் என வகுத்துள்ளது. அவ்வெல்லைக்கு ஐந்து மில்லிமீற்றர் உள்ளே நின்றது றாவ்-4. ஒடுங்கிய தெருவிலே குடியிருந்து, அதனினும் ஒடுங்கிய இடத்திலே வண்டியை நிறுத்தும் மக்களுக்கு ஏற்ற அளவு அது. பக்கத்துக்கு ஒன்றாக இரு கதவுகளும் பின்புறத்தில் ஒன்றுமாக மூன்று கதவுகளே அதற்கு இருந்தன. பின்னிருக்கைக்குச் செல்வோர் முன்னிருக்கையை மடித்து, உடலையும் மடித்து நுழைதல் வேண்டும். இளைஞருக்கு அது விளையாட்டு. கைக்குழந்தையோடு நிற்கும் தாய்க்கு அது விளையாட்டாகுமா?

மறுவருடமே ஐந்து கதவுள்ள, நீளத்திலே நாற்பது சென்ரிமீற்றருக்கு மேற் கூடிய மற்றொரு றாவ்-4 வந்தது. குடும்பத்துக்கென அவ்வண்டியிற் செய்யப்பட்ட முதற் பெருமாற்றம் இதுவே. அதே 1995ஆம் ஆண்டில் ஹொண்டா நிறுவனத்தின் சீ-ஆர்-வீ வண்டியும், 1997இல் சுபாறு நிறுவனத்தின் பொறெஸ்ரர் வண்டியும் இதே வழியிற் புறப்பட்டன. சீ-ஆர்-வீயின் பின்புறத் தளத்தை எடுத்துக் கால்களை விரித்தால், அதுவே வனபோசனத்துக்குரிய மேசையாகிவிடும். யாரை எண்ணி அந்த வண்டி செய்யப்பட்டது என்பதற்கு அம்மேசையே சாட்சி.

குடும்பங்கள் இவ்வகை வண்டியை நாடியமைக்குக் காரணம் காடும் அன்று, மலையும் அன்று. இருக்கையின் உயரமே தலையாய காரணம் எனலாம். தாழ்ந்த காரிலே ஏறுவோர் கீழே இறங்கி அமர்கின்றனர். வெளிவரும்போது முழங்காலை ஊன்றி எழுகின்றனர். ஜீப்பிலே ஏறுவதோ படி ஏறுவதாகும். றாவ்-4இன் இருக்கை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட, ஏறத்தாழ இடுப்பளவான உயரத்தில் இருந்தது. மூட்டுவலியுள்ள முதியவர் அதிலே எளிதில் அமரலாம். பிள்ளையை இருக்கையில் வைத்துப் பட்டி கட்டும் தாய் முதுகை வளைக்கவேண்டியதில்லை. சாரதிக்கும் முன்னே செல்லும் வண்டிகளுக்கு அப்பாலுள்ள வீதி தெரியும். நான்கு சில்லுகளுக்கும் எந்நேரமும் விசை செல்லும் அமைப்பு முதலிலே அதன் சிறப்பாகப் பேசப்பட்டது. ஆனால் 1996இல் அமெரிக்காவுக்குச் சென்றபோதே, முன்சில்லு இரண்டு மட்டும் இயங்கும் வகையும் உடன் சென்றது. பெயரிலே நான்கு, இயக்கத்திலே இரண்டு. வாங்கியவர்கள் இம்முரணைப் பெரிதுபடுத்தியதாகத் தெரியவில்லை.

இவ்வண்டியின் இளமைப் பருவத்திலேயே நிகழ்ந்த மற்றொன்றையும் இங்குக் கூறுதல் வேண்டும். கலிபோர்ணியா மாநில அரசு, புகை கக்காத வண்டிகளை விற்குமாறு பெரிய நிறுவனங்களை வற்புறுத்திய காலம் அது. அதன் பயனாக, 1997ஆம் ஆண்டு முதல் முற்றிலும் மின்சாரத்தால் இயங்கும் றாவ்-4 அங்கே ஓடிற்று. நிக்கல் சேர்ந்த மின்கலத் தொகுதியொன்றை அடித்தளத்திலே தாங்கிய அவ்வண்டி, ஒருமுறை மின்னேற்றினால் ஏறக்குறைய 150 கிலோமீற்றர் செல்லும். ஏறத்தாழ 1,500 வண்டிகளே செய்யப்பட்டன. 2003ஆம் ஆண்டில் அரசின் கட்டாயம் தளர்ந்தது, வண்டியும் நின்றது. தென் கலிபோர்ணியாவிலே மின்சாரம் வழங்கும் நிறுவனமொன்று தன் பணிக்கு வைத்திருந்த இத்தகைய வண்டிகளுட் சில, 100,000 மைலுக்கு மேல் ஓடியும் மின்கலம் ஓய்ந்துவிடாமல் இருந்தன. கையிலிருந்த விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலே வழி தேடியதை ஒத்தது இச்செயல்.

2000ஆம் ஆண்டில் வந்த இரண்டாந் தலைமுறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உடல் சற்றுப் பருத்தது, அகலம் 1.7 மீற்றர் எல்லையைக் கடந்தது. ஐரோப்பியருக்காக டீசல் இயந்திரம் சேர்ந்தது. பெரும் மாற்றம் 2005ஆம் ஆண்டின் இறுதியில் வந்த மூன்றாந் தலைமுறையிலேதான். மூன்று கதவு வண்டி அத்துடன் மறைந்தது. அகலம் 1.8 மீற்றரைத் தாண்டிற்று. அமெரிக்கக் குடும்பங்களுக்கென நீட்டப்பட்ட வகையிலே மூன்றாம் வரிசை இருக்கையும், 3.5 இலீற்றர் கொண்ட ஆறு உருளை இயந்திரமும் கிடைத்தன. அவ்வியந்திரத்தின் வலு 269 குதிரைவலு; முதல் வண்டியினதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. பாற்போத்தலும் பள்ளிக்கூடப் பையும் ஏற்றும் வண்டிக்கு இத்தனை வலு எதற்கு என்று கேட்கலாம். அடுத்த தலைமுறையிலே நிறுவனத்தாரே அதனை நீக்கிவிட்டனர்.

வீட்டுத் தேவை வண்டியின் உடலை எவ்வாறு மாற்றுகின்றது என்பதைக் காண விரும்புவோர் பின்கதவைப் பார்த்தாற் போதும். முதல் மூன்று தலைமுறைகளிலும் பின்கதவு அலுமாரிக் கதவுபோலப் பக்கவாட்டிலே திறந்தது. அதன்மேல் மாற்றுச்சில்லு தொங்கும். காட்டுக்குச் செல்லும் வண்டியின் கோலம் அது. இளைஞருக்குப் பிடித்த கோலமுங்கூட. ஆனால் கதவின் பிணைச்சல் வலப்புறத்தில் இருந்தது. வாகனங்கள் வீதியின் இடப்புறமாகச் செல்லும் யப்பானிலே, நடைபாதையில் நின்று பொருள்களை ஏற்ற அது வசதி. வலப்புறமாகச் செல்லும் அமெரிக்காவிலோ, திறந்த கதவு நடைபாதைக்கும் வண்டிக்கும் இடையே மதில்போல நின்றது. கடையிலிருந்து பொதிகளோடு வருபவர் அதனைச் சுற்றி வீதிக்குள் இறங்கவேண்டியிருந்தது. பின்னால் வேறொரு வண்டி நெருங்கி நின்றுவிட்டால், சில்லின் பாரமும் சேர்ந்த அக்கதவை முழுமையாகத் திறக்கவே இயலாது. 2012ஆம் ஆண்டின் இறுதியில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே காட்டப்பட்ட நான்காந் தலைமுறையில், கதவு மேல்நோக்கித் திறப்பதாயிற்று. சில்லு தளத்தின் கீழே மறைந்தது. காட்டு வண்டியின் கடைசி அடையாளமும் அத்துடன் போயிற்று.

பொதிகளை ஏற்றும் வசதியைக் குடும்பங்கள் கேட்டுப் பெற்றன. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அவை கேட்க வழியில்லை. அமெரிக்கக் காப்புறுதி நிறுவனங்களின் ஆதரவில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிலையம் 2012ஆம் ஆண்டில் கடுமையான சோதனையொன்றைத் தொடங்கிற்று. மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டியின் முன்பக்க அகலத்திலே நாலிலொரு பங்கு மாத்திரம் அசையாத தடையொன்றில் மோதும். மரத்திலோ கம்பத்திலோ வண்டியின் ஓரம் இடிபடுவதை ஒத்தது அது. நான்காந் தலைமுறை றாவ்-4 அச்சோதனையில் மிகத் தாழ்ந்த தரத்தையே பெற்றது. நிறுவனத்தார் அமைப்பைத் திருத்தினர். 2015ஆம் ஆண்டுக்குரிய வண்டி மிக உயர்ந்த தரத்தைப் பெற்றது. வாங்குவோர் மகிழ்ந்திருப்பர்.

ஆனால் சோதனை சாரதி அமர்ந்த பக்கத்துக்கு மட்டுமே நடந்தது. அமெரிக்காவிலே அது இடப்பக்கம். மறுபக்கத்தை மோதினால் என்ன நிகழும் என அந்நிலையத்தார் வினவினர். சாரதி பக்கத்தில் உயர்தரம் பெற்ற ஏழு சிறு வண்டிகளை எடுத்து, அதே சோதனையை மறுபக்கத்துக்குச் செய்து, 2016ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஏழினுள் ஒன்றே அப்பக்கத்திலும் உயர்தரம் பெறத்தக்கதாக இருந்தது. றாவ்-4 மிகத் தாழ்ந்த தரத்துக்கே உரியதெனக் காணப்பட்டது; மோதலின்போது அதன் கதவும் திறந்துகொண்டது. சோதனைக்குட்பட்ட பக்கம் உறுதிபெற்றது. சோதனைக்குட்படாத பக்கம் கைவிடப்பட்டது. அந்தப் பக்கத்தில் அமர்பவர் பெரும்பாலும் யார்? மனைவி, தாய், வளர்ந்த பிள்ளை. குடும்ப வண்டி என்று விளம்பரம் பெற்ற வண்டி, குடும்பத்தில் ஒருவரை மட்டும் கணக்கில் எடுத்திருந்தது. பரீட்சையில் வரும் பாடத்தை மட்டும் படிக்கும் மாணவனை ஆசிரியர் கண்டிப்பர். பொறியியலாளரைக் கண்டிக்க இந்நிலையம் இருந்தமை நல்லதாயிற்று. 2018ஆம் ஆண்டுக்குரிய மிக உயர்ந்த விருதுக்கு மறுபக்கச் சோதனையும் கட்டாயமாக்கப்பட்டது.

2012 முதல் 2014 வரை, ரெஸ்லா நிறுவனத்தின் உதவியோடு மின்சார றாவ்-4 மீண்டும் கலிபோர்ணியாவில் தோன்றி, ஏறத்தாழ 2,500 வண்டிகளோடு மறைந்தது. நிலைத்து நின்றது 2015இல் வந்த கலப்பு வகையே. பெற்றோல் இயந்திரமும் மின்மோட்டாரும் அதில் இணைந்து வேலை செய்யும். நாற்சில்லு இயக்கம் உள்ள வகையிலே பின்சில்லுகளைத் தனி மின்மோட்டார் ஒன்று சுழற்றும். முன்னிருந்து பின்னுக்குச் செல்லும் நீண்ட சுழல்தண்டு அங்கே இல்லை.

இதற்கிடையிலே, பிறந்த நாட்டில் றாவ்-4க்கு இடமில்லாமற் போயிற்று. நான்காந் தலைமுறை யப்பானிலே விற்கப்படவேயில்லை. மூன்றாந் தலைமுறை வண்டியே அங்கு 2016 வரை விற்கப்பட்டு நின்றது. 2018ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் முதன்முதலாகக் காட்டப்பட்ட ஐந்தாந் தலைமுறையோடு, 2019 ஏப்ரலில் அது தாயகம் திரும்பிற்று. அவ்வாண்டிலேயே யப்பானின் சிறந்த கார் என்ற விருதையும் பெற்றது. அமெரிக்காவில் அதே 2019இல் 440,000க்கு மேற்பட்ட றாவ்-4 வண்டிகள் விற்பனையாயின. வெளியூர் சென்று செல்வந்தனாகி மீண்ட மகனைப்போல அது வந்தது. நீளம் 4.6 மீற்றர்; அகலம் 1,855 மில்லிமீற்றர்.

இவ்வளவு பெருத்த உடலைச் சுமப்பதற்கு எரிபொருள் வேண்டும். 2023ஆம் ஆண்டில் உலகில் விற்ற கார்களிலே ஏறத்தாழப் பாதி இவ்வகை உயர்ந்த வண்டிகளே எனச் சர்வதேச சக்தி முகவரகம் கணக்கிட்டது. அவை யாவும் ஓராண்டில் வெளிவிடும் கரியமிலவாயு 100 கோடி தொன்னுக்கு மேல். 2025 மே மாதத்தில் காட்டப்பட்ட ஆறாந் தலைமுறை றாவ்-4, ஐந்தாந் தலைமுறையின் நீள அகலங்களோடேயே நின்றுவிட்டது. அமெரிக்காவுக்குச் செல்லும் வண்டிகளிலே வெறும் பெற்றோல் வகை நீக்கப்பட்டு, கலப்பு வகைகள் மட்டுமே வைக்கப்பட்டன.

ஒடுங்கிய தெருவிலே வாழ்வோரின் தேவையோ மறையவில்லை. 2019 நவம்பரில் றைஸ் என்னும் சிறு வண்டியை ரொயோட்டா வெளியிட்டது. செய்து கொடுத்தது அதன் துணை நிறுவனமான டைஹற்சு. கொழும்பு வீதிகளிலும் அதனைப் பரவலாகக் காணலாம். கதவுகள் ஐந்து, நீளம் நான்கு மீற்றருக்குள், அகலம் அதே 1,695 மில்லிமீற்றர். 2023 மே மாதத்தில், அதன் கலப்பு வகைக்கு அரச அங்கீகாரம் பெற்றபோது, கம்பத்திலே பக்கவாட்டில் மோதும் சோதனையில் ஒரு பக்கத்தின் அளவீடுகளையே மறுபக்கத்துக்கும் உரியனவாகச் சமர்ப்பித்துவிட்டதை டைஹற்சு நிறுவனத்தார் தாமே வெளிப்படுத்தி, அவ்வகையின் விற்பனையை நிறுத்திவைத்தனர்.