நீலகிரி வரையாடு

நீலகிரி வரையாடு (அறிவியல் பெயர்: நீல்கிரிட்ராகசு ஐலோக்ரியசு) என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களில் மட்டுமே வாழும் குளம்புள்ள பாலூட்டி விலங்கு ஆகும். இது தமிழ்நாட்டின் மாநில விலங்கு. பெயரிலும் தோற்றத்திலும் காட்டு வெள்ளாட்டை ஒத்திருப்பினும், மரபணு ஆய்வுகளின்படி இது செம்மறியாட்டுக்கே மிக நெருங்கிய உறவுடையது. வாழிடம் ஒரு விலங்கின் உடலையும் உணவையும் நடத்தையையும் எவ்வாறு ஒருசேர வடிவமைக்கிறது என்பதை அறிய இது நல்ல எடுத்துக்காட்டு.

பெயர்

வரை என்னும் சொல் மலையையும் மலைச்சரிவையும் குறிக்கும். வரைகளில் வாழும் ஆடு வரையாடு எனப்பட்டது. சங்க இலக்கியத்தில் வருடை எனக் குறிக்கப்படுவதும் இவ்விலங்கே என்பர். 19-ஆம் நூற்றாண்டில் உதகமண்டலத்தில் குடியேறிய ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் இதை நீலகிரி ஐபெக்சு என்றனர். ஐபெக்சு என்பது வெள்ளாட்டுப் பேரினத்தைச் சேர்ந்த வேறு விலங்கு. தென்னிந்தியாவில் அது இல்லை.

உடலமைப்பு

வரையாடு கட்டுக்கோப்பான உடலும் குட்டையான, உறுதியான கால்களும் கொண்டது. வளர்ந்த கிடா 80 முதல் 100 கிலோகிராம் வரை எடையிருக்கும். தோள் உயரம் ஏறத்தாழ 1 மீட்டர். பெண் ஆட்டின் எடை கிடாவின் எடையில் ஏறக்குறைய பாதியே. இரு பாலுக்கும் பின்னோக்கி வளைந்த கொம்புகள் உண்டு. வெள்ளாட்டுக் கிடாவுக்கு உள்ளது போன்ற தாடி இதற்கு இல்லை. கிடாக்கள் வயதாக ஆகக் கரும்பழுப்பு நிறமடைகின்றன; முதுகில் சேணம் இட்டது போன்ற வெளிறிய சாம்பல் நிறத் திட்டு தோன்றுகிறது. எனவே ஒரு கிடாவின் முதிர்ச்சியைத் தொலைவிலிருந்தே அறியலாம். மனிதர்கள் மட்டுமல்ல, போட்டிக் கிடாக்களும் அறியும்.

குளம்பின் விளிம்பு கடினமானது, அடிப்பகுதி மென்மையானது. விளிம்பு பாறையின் சிறு மேடுகளைப் பற்றிக்கொள்ள, மென்மையான அடிப்பகுதி வழுக்காமல் காக்கிறது. பிளவுபட்ட இரு குளம்புகளும் தனித்தனியே அசைவதால் சமமற்ற பரப்பிலும் கால் ஊன்ற முடிகிறது.

வகைப்பாடும் படிவளர்ச்சியும்

1838-இல் வில்லியம் ஓகில்பி இதனை முதன்முதலில் அறிவியல் முறையில் விவரித்தார். பின்னர் இது இமாலய வரையாடு, அரேபிய வரையாடு ஆகியவற்றுடன் சேர்த்து எமிட்ராகசு (கிரேக்கத்தில் 'அரை வெள்ளாடு') என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டது. மூன்றும் பாறைச் சரிவுகளில் வாழ்பவை. மூன்றுக்கும் பின்னோக்கி வளைந்த குட்டையான கொம்புகள்.

2005-இல் ரோப்பிகே, அசானின் ஆகிய ஆய்வாளர்கள் மைட்டோகாண்டிரியா மற்றும் உட்கரு டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்டு இம்மூன்றும் ஒரே கிளையைச் சேர்ந்தவை அல்ல எனக் காட்டினர். இமாலய வரையாடு வெள்ளாடுகளுக்கும், அரேபிய வரையாடு வட ஆப்பிரிக்காவின் பார்பரி ஆட்டுக்கும், நீலகிரி வரையாடு செம்மறிப் பேரினத்துக்கும் நெருங்கியவை. ஆகவே நீலகிரி வரையாட்டுக்கு நீல்கிரிட்ராகசு என்னும் தனிப் பேரினம் உருவாக்கப்பட்டது. இப்பேரினத்தில் வேறு இனம் எதுவும் இல்லை.

வெவ்வேறு கிளைகளில் வந்த உயிரினங்கள் ஒத்த வாழிடத்துக்கு ஏற்ப ஒத்த வடிவத்தைப் பெறுவது குவிப் படிவளர்ச்சி எனப்படும். வரையாடுகளின் ஒற்றுமைக்கு இதுவே விளக்கமாகக் கொள்ளப்படுகிறது. வேற்றுமைக்கான ஓர் அடையாளம் முன்பே கண்முன் இருந்தது என்பது வியப்பு: இமாலய வரையாட்டுக்கு நான்கு பால்காம்புகள், நீலகிரி வரையாட்டுக்கு இரண்டே.

உணவு

வரையாடு பெரும்பாலும் புல் மேய்வது. செடிகள், குறுமரங்களின் இலைகளையும் உண்ணும். புல் எளிதில் கிடைக்கும், ஆனால் எளிதில் செரிக்காது. அதன் செல்லுலோசைச் சிதைக்கும் நொதி பாலூட்டிகளின் உடலில் சுரப்பதில்லை. அசைபோடும் விலங்குகள் இப்பணியை நான்கு அறை இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்துள்ளன. மேல்தாடையில் வெட்டுப்பற்களுக்குப் பதிலாகக் கடினமான ஈறு உள்ளது. கீழ்ப்பற்கள் புல்லை அதன்மீது அழுத்திப் பறிக்கின்றன. புல்லிலுள்ள சிலிக்கா பற்களைத் தேய்ப்பதால் கடைவாய்ப்பற்கள் உயரமாக அமைந்துள்ளன.

காலையிலும் மாலையிலும் மேய்ந்து, நண்பகலில் பாறை நிழலில் படுத்து அசைபோடும். திறந்த வெளியில் விரைந்து மேய்ந்துவிட்டுப் பாதுகாப்பான இடத்தில் நிதானமாக மெல்ல இவ்வமைப்பு உதவுகிறது.

நடத்தை

1974-இல் பீட்டர் சார்மன் ஆப்பிரிக்க இரலைகளைக் கொண்டு ஒரு தொடர்பை விளக்கினார். அடர்காட்டில் சத்துள்ள தளிர், கனி ஆகியவற்றைத் தேடி உண்பவை சிறிய உடலுடன் தனித்தோ இணையாகவோ வாழும். புல்வெளியில் மேய்பவை பெரிய உடலுடன் கூட்டமாக வாழும். நீலகிரியில் இதனைச் சில நூறு அடி தூரத்திலேயே காணலாம். சோலைக்காட்டினுள் கேளையாடு தனித்துத் திரிய, வெளியே புல்வெளியில் வரையாடுகள் மந்தையாக மேய்கின்றன.

பெண் ஆடுகளும் குட்டிகளும் ஒரு மந்தையாகவும், வளர்ந்த கிடாக்கள் ஆண்டின் பெரும்பகுதி தனிக் குழுக்களாகவும் இருக்கும். மந்தை ஓய்வெடுக்கையில் ஓர் ஆடு, பெரும்பாலும் பெண் ஆடு, உயரமான பாறையில் நின்று காவல் பார்க்கும். சிறுத்தை, புலி, செந்நாய் இவற்றின் முக்கியப் பகைவிலங்குகள். ஆபத்து கண்டவுடன் மந்தை செங்குத்துப் பாறைக்கு ஓடும். எனவே பாறை அருகில் இல்லாத புல்வெளி எவ்வளவு செழிப்பாக இருப்பினும் வரையாட்டுக்குப் பயன்படாது.

இனச்சேர்க்கை தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நிகழ்கிறது. அப்போது கிடாக்கள் மந்தைகளை நாடி வந்து ஒன்றோடொன்று மோதும். சினைக்காலம் ஏறத்தாழ 6 மாதம். பெரும்பாலும் சனவரி, பிப்ரவரி மாதங்களில் ஒரே குட்டி பிறக்கும்.

வாழிடமும் எதிர்காலமும்

நீலகிரிப் புல்வெளிகள் காட்டை அழித்ததால் தோன்றியவை என்றொரு கருத்து நெடுங்காலம் நிலவியது. 1993-இல் இரா. சுகுமார் உள்ளிட்டோர் நீலகிரியின் கரிச்சேற்றுப் படிவுகளிலுள்ள கார்பன் ஓரிடத்தான்களை ஆய்ந்து, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடைசிப் பனியூழியின் உச்சத்திலேயே புற்கள் மிகுந்திருந்ததையும், ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் ஈரக்காலம் நிலவியதையும் காட்டினர். புல்வெளி விரிந்தும் சுருங்கியும் வந்திருக்கிறது. வரையாடும் அதனுடன் இயைந்தே வாழ்ந்திருக்க வேண்டும்.

அண்மைய மாற்றம் வேறு வகையானது. தேயிலைத் தோட்டங்களுடன், தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் நடப்பட்ட சீகை, தைல மரங்கள் புல்வெளியை விழுங்கின. சீகை நட்ட இடத்தோடு நிற்காமல் தானாகவே பரவக்கூடியது. புல்வெளி மரக்காடாவதைப் 'பசுமை' எனப் பாராட்டுவோர் உண்டு. வரையாட்டுக்கு அது பட்டினி. பிளவுண்ட மந்தைகள் தாமாக மீண்டும் இணைவதும் அரிது.

குன்னூரைச் சேர்ந்த வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. தாவீதார் 1963-இல் நீலகிரியிலும், 1975-இல் வாழிடம் முழுமைக்குமாகவும் இவ்விலங்கைக் கணக்கெடுத்தார். அவர் நினைவாகவே அக்டோபர் 7 வரையாடு நாளாகத் தமிழ்நாடு அரசால் அறிவிக்கப்பட்டது. அரசின் நீலகிரி வரையாடு திட்டம் 2023 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 2025-இல் இரு மாநிலங்களும் இணைந்து நடத்திய கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365, ஆக மொத்தம் 2,668 வரையாடுகள் பதிவாயின. இரவிகுளம் தேசியப் பூங்காவில்தான் இவை மிகுதியாக உள்ளன. நீலகிரி மாவட்டத்தில் முக்கூர்த்தி தேசியப் பூங்கா (78.46 ச.கி.மீ.) முதன்மைப் புகலிடம். இதற்கும் ஆனைமலைக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் உள்ளது. தாழ்ந்த, வெப்பமான அந்நிலத்தை வரையாடுகள் கடப்பதில்லை.