மருந்துக்கடையில் பத்தியம்

மருந்துச் சீட்டை நீட்டுகிறவர் முதலில் விலை கேட்பார். அடுத்தது, "இதுக்கு என்ன சாப்பிடலாம், என்ன தள்ளணும்?" கும்பகோணத்தில் எங்கள் கடையில் அப்பா இருந்தபோதும் இதே கேள்விதான், இப்போது நான் இருக்கும்போதும் இதே கேள்விதான். பதில்தான் காலத்துக்குக் காலம் மாறிவிட்டது.

நாட்டு மருந்துக்கடையில் இந்தக் கேள்விக்கே இடம் வராது. சரக்கை எடை போட்டுப் பொட்டலம் கட்டும்போதே கடைக்காரர் சொல்லிவிடுவார்: புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, கருவாடு கூடாது, அகத்திக்கீரை மருந்தை முறித்துவிடும். கடும்பத்தியம், இச்சாபத்தியம் என்று தரம் வேறு உண்டு. பத்தியம் சொல்லாமல் கொடுத்தால் அதை மருந்தென்றே யாரும் நம்பமாட்டார்கள்.

இங்கிலீஷ் மருந்து வந்த பிறகு அந்த இடத்தில் கம்பவுண்டர் உட்கார்ந்தார். அப்பா கம்பவுண்டராக இருந்துதான் கடை வைத்தவர். நோயாளி வீட்டிலிருந்தே பாட்டிலைக் கழுவிக் கொண்டுவர வேண்டும். அதில் மிக்சரை ஊற்றி, நீளக் காகிதத்தை மடித்து ஓரத்தில் கத்தரியால் முக்கோண வெட்டுப் போட்டு, பசை தடவிப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டுவார். ஒரு வெட்டுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அளவு தவறமாட்டார். "குலுக்கிட்டுக் குடிக்கணும்" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் "நொய்க் கஞ்சி, பார்லித் தண்ணி, நாளைக்கு ரெண்டு இட்லி, மிளகாய்ப்பொடி தொடாதே" என்பார். இதற்குத் தனியாகக் காசு கிடையாது.

அந்தச் சொல்லெல்லாம் சரியென்று நான் வாதாட வரவில்லை. டைபாய்டு காய்ச்சலில் வாரக்கணக்கில் வெறும் கஞ்சித் தண்ணீரிலேயே ஆளைப் போட்டு, எலும்பும் தோலுமாக்கியதும் அந்தக் காலம்தான். லங்கணம் பரம ஔஷதம், அதாவது பட்டினியே பெரிய மருந்து, என்ற பழைய நம்பிக்கையும் அன்றைய டாக்டர்களின் உத்தரவும் அதில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

சோற்றைப் பற்றிய அசல் ஆராய்ச்சி நம் பக்கத்திலேயே, குன்னூரில் நடந்தது. ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ டாக்டர் அங்குள்ள பாஸ்டியர் நிலையக் கட்டடத்தில் எலிகளை வளர்த்து, இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடுவதை அவற்றுக்கும் போட்டுப் பார்த்தார். சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாடு தின்றவை வரிசையில் கடைசி. 1935இல் அவருக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்ட், நம் உணவுப்பொருட்களின் சத்துக் கணக்கை 1937இல் சிறு நூலாக வெளியிட்டார். இன்று டயட்டீஷியன்கள் புரட்டும் அட்டவணைகளுக்கு மூலம் அதுதான். அவர்கள் நடத்திய அந்தச் சத்துணவு ஆய்வகம் 1958இல் ஹைதராபாத் போய், பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

எனக்கு எலிகளைவிட அரிசிக் கதைதான் பெரிது. மாகாணத்தின் வடக்கே, ஆந்திரக் கரையோரத்தில், மில்லில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டவர்களுக்கு பி1 சத்துக் குறைவால் பெரிபெரி நோய் வந்தது. புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. நெல் அவித்த நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் என்ற பேரே தெரியாது. இப்போது அரிசியை மூன்று தண்ணீர் கழுவி, கஞ்சியை வடித்துக் கொட்டிவிட்டு, "ஒரு அட்டை பீ-காம்ப்ளக்ஸ் குடுங்க" என்று என்னிடம் வருகிறார்கள். நானும் எடுத்துக் கொடுக்கிறேன், என்ன செய்வது?

அட்டை மாத்திரை வந்ததும் பாட்டில் போயிற்று. பாட்டிலோடு பேச்சும் போயிற்று. அந்த இடத்தை டப்பாக்கள் பிடித்துக்கொண்டன. ஹார்லிக்ஸ் முதல் உலகப்போருக்குப் பின் சிப்பாய்களோடு இந்தியாவுக்குள் வந்தது. பிறகு ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போனால் சாத்துக்குடியும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் கட்டாயம் என்றாகிவிட்டது. 2024 ஏப்ரலில்தான், இப்படிப்பட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று மத்திய வணிக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. கஞ்சி குடி என்று சொல்வதில் கடைக்கு லாபமில்லை, டப்பாவில் உண்டு. பத்தியம் மறைந்ததற்கு நான் கண்ட காரணம் இதுதான். விஞ்ஞானத்தின் மேல் பழி போட வேண்டாம்.

சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் உள்ள உறவு மட்டும் அப்படியேதான் இருக்கிறது. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை வாங்குகிறவர்களில் பலர் அதை டீயோடு முழுங்குகிறார்கள். டீயில் உள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும். கால்சியம் மாத்திரையை இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது, வேறு வேளைக்குத் தள்ள வேண்டும். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டியதில்லை என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும். சொல்லாவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியவர் பதிவுபெற்ற பார்மசிஸ்ட். 2015இல் வந்த பார்மசி நடைமுறை விதிகள், மருந்தோடு ஆலோசனையும் சொல்வதை அவர் வேலையாகவே ஆக்கியிருக்கின்றன. ஆகவே அடுத்த முறை கடைக்குப் போனால் பையை வாங்கிக்கொண்டு உடனே திரும்பாதீர்கள். பார்மசிஸ்ட் யாரென்று கேளுங்கள். எதை எப்போது, எதோடு சாப்பிட வேண்டும், எதோடு கூடாது என்று அவரிடம் கேளுங்கள். அதற்கு இன்றைக்கும் தனிக் காசு கிடையாது.