பெயரின்றி வாழ்ந்த பெருமீன்

1946ஆம் ஆண்டு, காவிரியின் துணையாறான கபினியில் வான் இங்கன் என்பவரின் தூண்டிலில் ஒரு மாசீர் மீன் சிக்கியது. அதன் எடை 120 ராத்தல். அதாவது ஏறத்தாழ 54 கிலோ. முதுகில் திமில்போல் எழும் மேடும், ஆரஞ்சு நிறத் துடுப்புகளும் கொண்ட அவ்வகை மீனுக்காகவே கடல் கடந்து காவிரிக்கு வந்தவர்கள் பலர். எனினும், 2018 வரை அதற்கு உறுதியான அறிவியல் பெயர் இருக்கவில்லை.

வியப்புக்குரிய செய்திதான். இமயமலை ஆறுகளின் பொன் மாசீருக்கு 1822இலேயே பிரான்சிஸ் ஹாமில்டன் ‘புட்டிட்டோரா’ எனப் பெயரிட்டுவிட்டார். புணே வட்டார ஆறுகளில் கண்ட நீலத்துடுப்பு மாசீரை 1839இல் சைக்ஸ் ‘குத்ரீ’ என்று பதிவு செய்தார். இவற்றையெல்லாம் விஞ்சிய காவிரி மீனோ, ‘மாசீர்’ என்ற பொதுச்சொல்லுக்குள்ளேயே மறைந்து கிடந்தது. ‘மாசீர்’ என்பது ஓர் இனத்தைக் குறிக்கும் சொல் அன்று. பல இனங்களைச் சேர்த்துக் குறிப்பது.

அச்சொல்லின் பொதுமையே தீங்காயிற்று. 1970களுக்குப் பின், மாசீர் வளத்தைப் பெருக்கும் நன்னோக்கத்துடன் லோணாவளாவில் செயற்கையாகப் பொரிக்கப்பட்ட நீலத்துடுப்பு மாசீர்க் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. மாசீர் குறைகிறது, மாசீரை விடுவோம் என்பதே கணக்கு. எந்த மாசீர் என்ற வினா எழவில்லை. விளைவைக் காட்டியவை தூண்டிற்காரர்களின் பதிவேடுகள். கலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட அவற்றில் நீலத்துடுப்பு மீன்கள் பெருகிக்கொண்டே போயின. திமில் மாசீர் அருகிக்கொண்டே வந்தது. (பின்னர் அங்கே தூண்டில் போடுவது தடைசெய்யப்பட்டது, அத்துடன் கணக்கெடுப்பும் நின்றது.)

அழிவு கண்கூடாகத் தெரிந்தும், அம்மீனைப் பன்னாட்டுச் செம்பட்டியலில் சேர்க்க வழியில்லை. முறையான பெயரில்லாத இனத்துக்கு அங்கே பொதுவாக இடம் கிடைப்பதில்லை. இறுதியில், மோயாற்றிலிருந்து பெற்ற மாதிரிகளை ஆராய்ந்தவர்கள் 2018இல் விடை கண்டனர். கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களைக் கொண்டு, விலங்கியலாளர் ரமாதேவியைச் சிறப்பிக்கும் வகையில் ‘டோர் ரெமாதேவீ’ என முன்பே விவரிக்கப்பட்டிருந்த இனமே இது. பெயர் உறுதியான அதே ஆண்டில், ‘மிக அருகிய இனம்’ என்ற நிலையில் அது பட்டியலேறியது.

அம்மீன் இன்னும் இனம்பெருக்குவதாக அறியப்பட்ட இடங்கள் மிகச் சில. அவற்றுள் முதன்மையானது மோயாறு. அவ்வாற்றின் நீர்மட்டமோ, மேலே உள்ள மின்நிலையங்களின் தேவையையொட்டி நாள்தோறும் ஏறி இறங்குகிறது.