தொடக்கக் கல்வியில் தற்கற்றல்: வேலூர் வட்டாரத்தின் பங்கு

கணினிவழித் தற்கற்றல் என்பது, பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, மாணவர் தம் வேகத்தில் தாமே கற்று, விடை சரியா தவறா என்பதை உடனுக்குடன் அறிந்து முன்னேறும் முறையாகும். இதன் அடிப்படைக் கருத்துகள் கணினிக்கு முந்தியவை. தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் இவை பரவியதற்கு வேலூர் மாவட்டத்தோடு நெருங்கிய தொடர்பு உண்டு.

தோற்றம்

1920களில் அமெரிக்க உளவியலாளர் சிட்னி பிரெஸ்ஸி, வினா கேட்டு விடையைச் சரிபார்க்கும் எளிய இயந்திரத்தை உருவாக்கினார். 1954இல் பி. எஃப். ஸ்கின்னர் இக்கருத்தை விரிவாக்கி, நிரல்வழிக் கற்றலுக்கு அடித்தளமிட்டார். 1960இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 'பிளேட்டோ' என்னும் கணினிவழிக் கற்பித்தல் அமைப்பு தொடங்கியது.

வேலூரில் தொடக்கம்

தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் பகுதிகளில் பீடி சுற்றுதலும் பரவலான தொழில். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் பீடித் தொழிலில் கொத்தடிமைகளாக உழைத்த நிலை 1990களிலும் இருந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த எம். பி. விஜயகுமார், மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கெனச் சிறப்புப் பள்ளிகள் அமைய முனைந்தார்.

இப்பிள்ளைகளின் வயதும் கற்றல் நிலையும் வெவ்வேறு. பத்து வயதுப் பிள்ளை அகரம் பயிலும் வகுப்பில், எல்லோருக்கும் ஒரே பாடத்தை ஒரே நேரத்தில் நடத்த இயலாது. அன்று அண்டை மாவட்டமான சித்தூரில் இருந்த ரிஷிவேலியின் ஏணிமுறைக் கற்றல் இதற்கு வழிகாட்டியது. இந்த அனுபவமே 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' ஆக வளர்ந்தது. 2007–08இல் அது மாநிலம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது.

அட்டையும் ஏணியும்

செயல்வழிக் கற்றலில் பாடம் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. ஏணியைப் பார்த்துத் தமக்குரிய அட்டையை மாணவரே எடுப்பர். ஆசிரியர் உதவியுடன் கற்போர், சக மாணவர் உதவியுடன் கற்போர், தாமே கற்போர் எனக் குழுக்கள் அமைந்தன. சிறு படிகள், தன்வேகம், இடையிடையே மதிப்பீடு ஆகிய நிரல்வழிக் கற்றலின் கூறுகள் மின்சாரமின்றியே வகுப்பறையை அடைந்தன. பள்ளிக்கு நீண்ட நாள் வராத பிள்ளையும் விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம்.

கணினியின் வருகை

1984இல் நடுவண் அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டம் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கானது. அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கணினிவழிக் கற்றல் மையங்கள் பெரும்பாலும் நடுநிலைப்பள்ளிகளில் அமைந்தன. 2018–19 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு இடம்பெற்றதால், தொடக்கப்பள்ளி மாணவரும் கைப்பேசியில் காணொளிப் பாடங்களைக் காணும் வாய்ப்பு வந்தது. எனினும் ஒரு கருவியைப் பலர் சூழ்ந்து பார்க்கும்போது தன்வேகம் என்பது இல்லாமல் போகிறது.

சமூக அறிவியலில் பயனும் எல்லையும்

நிலப்படம் படித்தல், திசை அறிதல், நிகழ்வுகளைக் கால வரிசையில் அடுக்குதல் ஆகியவற்றுக்குக் கணினி ஏற்றது. 1806 ஜூலை 10இல் நடந்த வேலூர்ப் புரட்சியைக் கோட்டையின் படத்தோடு கற்பது எளிது. ஆனால் நிரலில் பதிந்த விடை காலத்தோடு தானே மாறாது. 2019 நவம்பரில் ஆம்பூரும் வாணியம்பாடியும் புதிய திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. அதற்கு முன் உருவான இம்மாவட்ட நிலப்படப் பாடங்கள் அந்நாளில் பழையனவாயின.

வேறு சில வினாக்களுக்கு ஒற்றை விடையே இல்லை. தோல் பதனிடும் ஆலைக் கழிவால் பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீர் கெட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற நெறியை உச்ச நீதிமன்றம் 1996இல் ஏற்றது. தீர்ப்பின் ஆண்டைத் திரையில் கற்கலாம். அதே ஆலையில் கூலி பெறும் தந்தையும், கிணற்றை இழந்த உழவரும் சொல்வதைக் கேட்டு எடைபோட ஆசிரியரும் வகுப்பில் கலந்துரையாடலும் தேவை. ஏணிமுறையில் ஆசிரியருடன் அமரும் குழுவுக்கும் இடம் வைக்கப்பட்டிருந்தது. கணினிப் பாடம் வகுப்போரும் அந்த இடத்தை விட்டுவைத்தால்தான் சமூக அறிவியல் முழுமை பெறும்.